போர்வை ஓரத்தில் இருந்த ஊர்

ஊட்டிக்கு நான் குளிர் பார்க்கப் போகவில்லை. குளிர் எங்களிடமும் இருக்கிறது. இலங்கையில் அட்டன் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்றால், கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து பெயருக்கு முன்னால் புகைதான் வரும். தேயிலை பார்க்கவும் போகவில்லை. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய கைக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? ஒரு கல்லூரி என்னைக் கூப்பிட்டது, போனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளைக் கல்லூரி கூப்பிடுகிறது என்றால் எழுபத்திரண்டு வயதிலும் கடல் தாண்டலாம்.

கூப்பிட்டவள் மல்லிகா, என் அக்கா மகள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அக்காவும் அத்தானும் கப்பல் ஏறினார்கள். இருவரும் இப்போது இல்லை. மல்லிகா நீலகிரியில் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே படித்து, இன்று ஊட்டியில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. போனில்தான் விஷயத்தைச் சொன்னாள்.

“சின்னம்மா, எம்.ஏ. படிக்கிறவங்களுக்குப் புதுசா ஒரு பாடம் சேக்கப் போறேன். மொழி மானிடவியல்னு பேரு. நீங்க வந்து அஞ்சு நிமிஷம் பேசுனா போதும்.”

“மொழி தெரியும். மத்தது என்னா?”

“மனுசங்க யாருகிட்ட எப்படிப் பேசுறாங்க, ஏன் அப்படிப் பேசுறாங்க, எந்த எடத்துல வாயே தெறக்குறதில்ல. அதப் படிக்கிறது.”

“இதுக்கு எம்.ஏ. வேறயா?” என்றேன். அவள் சிரித்தாள். நான் பெட்டியை எடுத்துத் துடைத்தேன்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ், பர்லியாரைத் தாண்டி ஒரு வளைவில் நின்றுவிட்டது. மேலே ஒரு லாரி திரும்ப முடியாமல் பாதையைக் குறுக்கே மறித்துக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கினோம். எங்கள் கண்டக்டர் லாரிக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார். “ஏனுங்க, கண்ணு தெரியாதுங்களா உங்களுக்கு? வண்டிய வெச்சுட்டு இப்புடி முழிச்சா என்னங்க பண்றது?” இப்படி ஒரு சண்டையை நான் கண்டதில்லை. எங்கள் பக்கம் இந்த அளவு கோபத்துக்கு அவருடைய தாத்தாவரை இழுத்திருப்பார்கள்.

திரும்பி வந்தவரிடம், இங்கே தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, சிலோன்ங்களா?”

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“தேத்தண்ணிங்கறீங்களே. எங்க ஊட்டுக்குப் பின்னால ஒரு லைனு முச்சூடும் உங்க ஆளுங்கதானுங்க. மொதல்ல சண்ட போடறாங்கன்னு நெனைச்சு எட்டி எட்டிப் பாப்போமுங்க. அப்பறம் பாத்தா, சாப்பிட்டியான்னுதான் கேட்டிருப்பாங்க.”

“நீங்க இப்ப அந்த லாரிக்காரர்கிட்ட விருந்துக்குக் கூப்புடுற மாதிரி பேசுனீங்களே, அது சண்டையா?”

“பின்னே? அவன் ஊட்டுக்குப் போயி அழுவானுங்க, பாருங்க” என்றார். ஓரத்துக் கடையில் அவரே ஒரு கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பாலை ஊற்றித் தேயிலையைக் கொன்றிருந்தார்கள். ஆனாலும் சூடாக இருந்தது. மல்லிகா படிக்கிற படிப்பு என்னவென்று எனக்கு அங்கேயே கொஞ்சம் பிடிபட்டது.

மாலையில் மல்லிகா வீடு. அவரைக்காய்க் குழம்பு, சோறு, பிறகு தொட்டால் நொறுங்கும் ஊட்டி வர்க்கி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடித்த ஃபைலை என் மடியில் வைத்தாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் அவளே விளக்கினாள். பாடத்தில் ஐந்து பகுதிகள். மூன்றாவது பகுதிதான் உயிர் என்றாள். அவளுடைய மாணவர்கள் கிளென்மார்கன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இலங்கையில் எங்கள் லயத்திலிருந்து வந்த பெண்களிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லாரும் சொந்த ஊர் கரூர் என்றார்களாம். கரூரிலிருந்து இலங்கைக்குப் போய், மூன்று தலைமுறை கழித்துத் திரும்பி வந்தவர்கள். ஆகவே கரூரில் இன்று அழிந்துபோன பழைய பேச்சு இவர்கள் வாயில் இருக்கிறது. இதை ஒரு கட்டுரையாக்கி, கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் வாசித்துப் பொன்னாடையும் வாங்கியிருக்கிறாள்.

“நாலு வருசமாக் கேட்டு, நாளான்னிக்குத்தான் பாடத்திட்டக் குழு இதுக்குன்னு உக்காருது. இந்தத் தடவை நின்னுபோச்சுன்னா அப்பறம் என் பேச்சை எடுக்கவே மாட்டாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எங்க லயத்து ஆளுங்க கரூர்னு சொல்லுங்க, ரெண்டு வார்த்தை உங்க பேச்சுல பேசுங்க, அவ்வளவுதான்.”

நான் வர்க்கியை வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் எதையாவது போட்டால் பேச வேண்டியதில்லை.

கரூர் என்று எழுதியவள் நான்.

அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்குப் போகிறவர்கள் படிவத்தில் பூர்வீக ஊரை எழுத வேண்டும். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். எங்கள் அப்பா உட்படப் பல பேருக்கு ஊர் தெரியும். எங்களுக்குத் துறையூர்ப் பக்கம். ஐந்து வீடுகளுக்குத் தெரியாது. ‘அந்தக் கரை’ என்பார்கள், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளையிடம் போனால் ‘ஊர் இல்லாத ஜென்மங்கள்’ என்று ஏளனம் பண்ணுவார் என்று, அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் எழுதத் தெரிந்த என்னிடம் வந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லயமே ‘பாக்கியத்துக்குத் தெரியும்’ என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கும்போது அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. வீட்டில் ஒரு புதுப் போர்வை இருந்தது. அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த ஊர் கரூர். ஐந்து படிவத்திலும் அதையே எழுதினேன். எங்கள் லயத்திலிருந்து கடைசியில் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஐந்து வீட்டுக்காரர்கள்தான். அந்த ஐந்தில் ஒன்று அத்தான் வீடு. அதாவது மல்லிகாவின் அப்பா வீடு.

இரண்டாம் நாள் மல்லிகாவுக்கு வகுப்பு. பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். கிளென்மார்கன் பக்கம் போகிற பஸ் அன்று வரவில்லை. ஊட்டி மார்க்கெட்டில் காரட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, உடம்பெல்லாம் மண் வாசத்தோடு போய் இறங்கினேன். வழியெல்லாம் படகர் பெண்கள் இருவர் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஒருத்தி மருமகளைப் பற்றிச் சொல்கிறாள் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

இங்கே கொழுந்தைக் கத்தரியால் வெட்டுகிறார்கள். கத்தரியோடு ஒரு பை இருக்கிறது. தூரத்திலிருந்து கேட்டால் மலை முழுக்க முடிவெட்டுவது போல் இருக்கிறது. இலை முற்றியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியும், கத்தரிக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருத்தி மதியத்துக்கு முன் கட்டிய மூட்டையின் அளவைப் பார்த்துவிட்டேன். பேசாமல் நடந்தேன்.

முத்தாயி அக்கா லயத்து வாசலில் நின்றாள். பழைய லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஐந்து படிவங்களில் ஒன்று அவளுடையது.

“வந்துட்டியாடி பாக்கியம்! பல்லு இருக்கா ஒனக்கு? ரொட்டிய தடிப்பாத் தட்டவா, மெல்லிசாத் தட்டவா?”

“ஒன்னயவிட நாலு பல்லு கூட இருக்கு.”

“எண்ணிப் பாத்துட்டுத்தான் பிளேன் ஏறுனியா?”

கோதுமை மாவில் தேங்காய் போட்ட ரொட்டி, மிளகாய் இடித்த கொச்சிக்காய்ச் சம்பல். கருப்புத் தேத்தண்ணி, கையில் கடிக்க ஒரு துண்டு கருப்பட்டி. இந்தியாவுக்கு வந்து முதல்முறை எங்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் நேராகவே கேட்டேன். “காலேஜ் புள்ளைங்க வந்தப்ப நீயும் கரூர்னா சொன்ன?”

“ஆமா. அதுக நோட்ட விரிச்சதும் எனக்குப் பழசு வந்துருச்சு. பேப்பரும் பேனாவுமா ஒருத்தர் முன்னால உக்காந்தா கரூர்தான். அன்னிக்குக் கப்பல்ல வந்து எறங்குனதும் மண்டபம் கேம்புல கேட்டாங்க, கரூர்னேன். லோனுக்குக் கேட்டாங்க, கரூர்னேன். ரேஷன் கார்டுக்கும் கரூர். ஒருக்கா மாத்திச் சொன்னா, மொதல்ல சொன்னது பொய்யான்னு கேப்பாங்கல்ல? அதான் எல்லாருமே பேசி வச்ச மாதிரி சொல்லிப்புட்டோம். நோட்டு வச்சிருந்த பொண்ணு ரொம்ப சந்தோசமா எழுதிக்கிச்சு.”

“அது போர்வையில இருந்த ஊருக்கா.”



“போர்வையிலயா?” என்றாள் முத்தாயி அக்கா. பிறகு மெதுவாக, “நாங்க அங்க போனோம்டி” என்றாள்.

எனக்கு இது தெரியாது. ஐம்பது வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மண்டபம் முகாமிலிருந்து விட்டதும், படிவத்தில் இருக்கிற ஊர்தானே என்று அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் தகரப்பெட்டியோடு கரூருக்குப் போயிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று ஐந்து நாள் பஸ் நிலையத்திலேயே தங்கி விசாரித்திருக்கிறார்கள்.

“எந்தத் தெருன்னு கேட்டாங்க. நீ தெரு எழுதலையே” என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நீயாச்சும் எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல, கரூர்னு ஏன் எழுதுறன்னு?”

“நான் ஒங்கிட்ட வேற ஊருல்ல சொன்னேன். எங்க மாமனாரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, அந்தப் பேர. நீதான், அப்படியெல்லாம் ஊரு இருக்காது, அது ஏதோ காட்டுப் பேருன்னுட்ட. எழுதுறவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

எனக்கு நினைவு வந்தது. அவள் சொன்னாள். வாசற்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். நான் சிரித்தேன்.

“என்ன பேருக்கா அது?”

அவள் வெகுநேரம் யோசித்தாள். “ஒரு மரம் வரும் அதுல.”

“புளியா?”

“புளி இல்ல.”

“இலுப்பை? வாகை?”

“தெரியலடி. ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். ஒனக்கு ஞாபகம் இல்லையா?”

எனக்கும் இல்லை. அவள் மாமனார் இல்லை, புருஷன் இல்லை. அந்த ஊரின் பெயரை உலகத்தில் கடைசியாகக் கேட்டவள் நான். அதை எழுதத் தகுதியில்லை என்று ஒதுக்கியவளும் நான். மரத்தின் பெயர் கொண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்!

கிளம்பும்போது, நாளை கூட்டத்தில் உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் முகம் சுருங்கியது. “எங்க கார்டுக்கெல்லாம் ஏதும் ஆயிறாதே?” என்றாள். ஒருவர் பெயரையும் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். “எங்க பேர எடுக்காத. ஒம் பேர வேணாச் சொல்லிக்க” என்று சொல்லி, மீதி ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

அன்று மாலை மல்லிகாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் மறுநாள் உடுத்தப் போகிற புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது முறையும் அதே தப்பு.

மூன்றாம் நாள், கல்லூரி. நீள மேசையில் ஆறு பேர். எனக்கும் ஒரு நாற்காலி, முன்னால் தண்ணீர் பாட்டில். நடுவில் முதல்வர். அவருக்குப் பக்கத்தில், முடிவு சொல்லவென்று வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர். மல்லிகா நின்றுகொண்டு கால்மணி நேரம் பேசினாள். எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் பெருமையாக இருந்தது. எங்கள் லயத்துப் பிள்ளை பேச, அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்கம்மா, அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோசமுங்க. உங்க லயத்து ஆளுங்களுக்குப் பூர்வீகம் கரூர்தானுங்களே?”

அவர் கையில் பேனா இருந்தது. முன்னால் காகிதம் இருந்தது. ‘ஆமாங்க’ என்ற சொல் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. முத்தாயி அக்கா சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் உடம்பில் தெரிந்தது.

“இல்லீங்க” என்றேன். “கரூர்னு எழுதுனது நான்.”

போர்வையைச் சொன்னேன். ஐந்து வீடு என்றேன், பெயர் சொல்லவில்லை. ஒரு குடும்பம் பஸ் நிலையத்தில் இருந்ததைச் சொன்னேன். நோட்டை விரித்தால் ஏன் எல்லாரும் ஒரே ஊரைச் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். மல்லிகாவின் பக்கம் பார்க்கவில்லை.

மேசைக் கடைசியில் இருந்த ஒருவர், “நல்லவேளைங்க, போர்வை வெளிநாட்டுப் போர்வையா இல்லாமப் போச்சு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். முதல்வர் ஃபைலை மூடினார். “என்னங்க மல்லிகா இது? பாடத்துக்கே இதுதான் அஸ்திவாரம்னீங்க. பேசாம அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்களே.”

வெளியூர்ப் பேராசிரியர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா அப்படி எழுதினீங்க?”

“தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க.”

“இப்ப ஏன் சொல்றீங்க?”

“அந்தப் புள்ளைங்க இதப் படிச்சுப் பரீட்சை எழுதும். அதுல மார்க்கும் வாங்கும். அப்பறம் அது பொய்யின்னு யாரு சொல்றது?”

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நடைபாதையில் ஒரு பெஞ்சு. பனி வந்து எதிர்க் கட்டடத்தை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. உள்ளே குரல்கள் உயர்ந்தன. நாலு வருடம் கேட்டு வாங்கிய கூட்டத்தை அரை மணி நேரத்தில் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மல்லிகா வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள். பாதி வழியில்தான் பேசினாள்.

“கருத்தரங்குக்காரங்களுக்கு எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கணும். அது போகட்டும். என் கல்யாணப் பத்திரிகையில எங்கப்பா பேருக்கு முன்னால கரூர்னு போட்டிருந்துச்சு சின்னம்மா. எங்கப்பா அத எத்தனை தடவை தடவிப் பாத்தாரு தெரியுமா? நீங்க அதையும் எடுத்துட்டீங்க.”

“தப்புதான்” என்றேன்.

“நேத்தே எங்கிட்ட சொல்லிருக்கலாமில்ல?”

“சொல்லிருக்கணும்.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் கூட்டத்தின் முடிவைச் சொன்னாள். பேராசிரியர் ஒரு வாரம் தவணை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பதிவுகள் இருக்கட்டும், கரூர் என்ற முடிவு போக வேண்டும். மூன்றாம் பகுதியைத் திங்கட்கிழமைக்குள் புதிதாக எழுதிக் கொடுத்தால் அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அப்படிப் போட்டாலும் அது கட்டாயப் பாடம் இல்லை, விருப்பப் பாடம். பிள்ளைகள் சேர்ந்தால்தான் நடக்கும்.

“எழுதிருவியா?” என்றேன்.

“எதை எழுத? என் கையில இருந்ததெல்லாம் போயிருச்சே” என்று அறைக்குள் போய்விட்டாள். முத்தாயி அக்காவின் ரொட்டியைச் சுடவைத்துக் கதவருகே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு மட்டும் காலியாக வெளியே வந்தது.

நாலாம் நாள் நான் கிளம்ப வேண்டியது, கிளம்பவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், மல்லிகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்காமலே எதிர் நாற்காலியைக் காட்டினாள். கோபம் தீரவில்லை என்பது காலால் நாற்காலியைத் தள்ளிய விதத்தில் தெரிந்தது. பதிவுக் கருவியை என் பக்கம் வைத்தாள்.

“யார் யார் வந்தாங்க, யார் மொதல்ல கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லுங்க.”

சொன்னேன். நிறைய இடத்தில் தெரியாது என்றேன். முதலில் அந்த வார்த்தை கஷ்டமாக வந்தது, மதியத்துக்குள் பழகிவிட்டது. நடுவில் அவள் எழுந்து தேத்தண்ணி போட்டு வந்தாள். பால் ஊற்றவில்லை. அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். அத்தானுக்கு உண்மையில் எந்த ஊர் என்று. தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

சாயங்காலம் எழுதியதை வாசித்துக் காட்டினாள். லயம் இருந்தது, வாசல் இருந்தது, நான் சிரித்தது இருந்தது. பெயர்கள் மட்டும் வேறாக இருந்தன. முத்தாயி அக்கா வேறு யாரோ. நானும் சரஸ்வதி என்று ஒருத்தி.

“இது யாரு சரஸ்வதி?”

“நீங்கதான் சின்னம்மா. பேரை மாத்தித்தான் போடுவோம். பேசுனவங்களுக்குப் பின்னால ஒரு சங்கடம் வந்துறக் கூடாதுல்ல? அதான் முறை.”

“மத்தவங்களுக்கு மாத்து. அவங்க கேட்டுக்கிட்டாங்க. எனக்கு பாக்கியம்னே போடு.”

“படிக்கிற புள்ளைங்க உங்களை ஒரு மாதிரி நெனைக்கும்.”

“நெனைக்கட்டும். மாத்தி எழுதுனது ஒருக்காப் போதும்.”

அவள் விசையைத் தட்டித் தட்டி சரஸ்வதியை அழித்தாள். நான் பக்கத்தில் நின்று, பெயர் சரியாக விழுகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.